சும்மா தொங்கும் கார் சார்ஜர் எவ்வளவு கரண்ட் தின்கிறது?

கேள்வி, 8 நவம்பர் 2024
வீட்டில் 7.2 கிலோவாட் கார் சார்ஜர் மாட்டி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் மச்சான் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், ஆனாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மாட்டிக் கொடுத்தவர் "கார் இல்லாவிட்டால் அது எதுவும் எடுக்காது சார்" என்கிறார். கிளாம்ப் மீட்டர் (வயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கருவி) போட்டுப் பார்த்தால் 0.1 ஆம்பியர். 240 வோல்ட்டால் பெருக்கினால் 24 வாட், மாதம் 17 யூனிட். என் கணக்கு சரியா?

பதில், 9 நவம்பர் 2024, இரவு 9.40
சரிதான் என்று நினைக்கிறேன். படித்ததும் கீழே இறங்கிப் போய் என்னுடையதையும் பார்த்தேன் (3.3 கிலோவாட் பெட்டி, சிங்கிள் ஃபேஸ், வைஃபை உண்டு). எனக்கும் 0.1. ஒரு வாட் வருடம் முழுக்க ஓடினால் 8.76 யூனிட். அப்படியானால் 24 வாட்டுக்கு வருடம் 210 யூனிட். சுவரில் ஒரு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு தொங்குவதற்கு 210 யூனிட்டா? பெட்ரோல் போடும் காரை வீட்டில் நிறுத்தினால் பெட்ரோல் பங்க் வந்து வாடகை கேட்பதில்லையே.

9 நவம்பர், இரவு 11.15
எனக்குப் பூஜ்யம் காட்டுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்வ விட்டிருப்பீர்கள். போவதும் வருவதும் கழிந்துபோய்ப் பூஜ்யம்தான் காட்டும். ஒரு வயரை மட்டும் பிடிக்க வேண்டும். பெட்டிக்கு வரும் கேபிளின் மேல் உறையைக் கீறிப் பிரிக்காதீர்கள், டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) எம்சிபிக்கு, அதாவது ஆபத்தில் தானே விழும் சுவிட்சுக்குக் கீழே ஒற்றை வயர் கிடைக்கும். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

10 நவம்பர், காலை 6.50
நேற்று நான் எழுதிய 24 வாட்டை அடித்துவிடுங்கள். தூக்கம் வராமல் யோசித்தபோது ஐடிஐ வாத்தியார் நினைவுக்கு வந்தார். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வாட் அல்ல, விஏ (வோல்ட்-ஆம்பியர்). குண்டு பல்புக்கு இரண்டும் ஒன்று. சார்ஜருக்குள் இருப்பது சின்ன பவர் சப்ளை, அதன் வாசலில் ஒரு கெப்பாசிட்டர். அது ஒவ்வொரு சுற்றிலும் கைமாத்து வாங்கி உடனே திருப்பிக் கொடுத்துவிடும். கிளாம்ப் மீட்டருக்குக் கைமாத்தும் செலவும் ஒன்றுதான், போகிற வருகிற கரண்ட் எல்லாவற்றையும் எண்ணும். ஈபி மீட்டர் திரும்பி வராததை மட்டும் எண்ணும், நாம் காசு கட்டுவதும் அதற்குத்தான்.

அதோடு 0.1 என்பதே நம்ப முடியாத எண். கிளாம்பின் கடைசி இலக்கம் அது, 0.06 இருந்தாலும் 0.1 என்றுதான் காட்டும். ஒற்றை வயரைப் பத்துச் சுற்று சுற்றி கிளாம்பின் வாய்க்குள் விட்டு, வருவதைப் பத்தால் வகுத்தால் கொஞ்சம் தெளிவாகும். வீட்டு வயரில் அதெல்லாம் ஆகாது, நான் பழைய நீட்டிப்பு வயர் ஒன்றை வைத்துச் செய்தேன். 0.6 வந்தது. அதாவது 0.06 ஆம்பியர், 14 விஏ சொச்சம். அதில் வாட் எவ்வளவு என்பது இன்னும் தெரியவில்லை.

10 நவம்பர், காலை 10.20
ஈபி மீட்டரையே கேட்டுவிடலாம் என்று இறங்கினேன். மீட்டர் முகப்பில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னும், பக்கத்தில் 3200 என்று போட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை மின்னும் என்று அர்த்தம். கணக்கு சுலபம்: ஒரு யூனிட் என்பது 36 லட்சம் வாட்-விநாடி, அதை 3200ஆல் வகுத்தால் ஒரு மின்னலுக்கு 1125. இந்த 1125ஐ இரண்டு மின்னலுக்கு நடுவே ஆகும் விநாடியால் வகுத்தால் வாட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தேன், ஃபிரிட்ஜ் உட்பட. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, போனில் ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தேன். அம்மா வந்து பார்த்துவிட்டு "ஞாயிற்றுக்கிழமை காலையில கரண்ட் பொட்டிக்குப் பூஜையா" என்று கேட்டுவிட்டுப் போனார்.

32 விநாடிக்கு ஒரு மின்னல். 35 வாட்! கிளாம்ப் சொன்னதைவிட அதிகம். கைமாத்தாவது ஒன்றாவது. காலையில் எழுதியதையும் அடித்துவிடுங்கள்.

10 நவம்பர், மதியம் 12.30
அசட்டுத்தனம். பரண் மேலே இன்வெர்ட்டர் இருக்கிறது. 2012ல் தமிழ்நாடே இருட்டில் கிடந்தபோது அப்பா வாங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய ஆள், பக்கத்தில் போனாலே "ம்ம்ம்" என்று முனகும். அதை மறந்துவிட்டேன். சார்ஜரை அணைத்துவிட்டு இன்வெர்ட்டரை மட்டும் விட்டபோது 38 விநாடிக்கு ஒரு மின்னல், கிட்டத்தட்ட 30 வாட். பாட்டரி நிறைந்து போயும் 30 வாட்.

பிறகு இன்வெர்ட்டரையும் பிடுங்கிவிட்டுச் சார்ஜரை மட்டும் போட்டேன். பன்னிரண்டு நிமிடம் கண்ணிமைக்காமல் பார்த்தேன், ஒரு மின்னல்கூட இல்லை. தீர்ப்பு: சார்ஜர் நிரபராதி. கேள்வி கேட்ட நண்பரே, மாட்டிக் கொடுத்தவர் சொன்னது சரி. இழையை மூடிவிடலாம்.

12 நவம்பர்
மூட முடியாது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நேற்று எழுதியதைப் படித்தேன், அவர் மீட்டர் சோதிக்கும் வேலையில் இருந்தவராம். மீட்டர் எண்ணத் தொடங்குவதற்கே, கைமாத்து சேராமல், ஒரு குறைந்தபட்ச கரண்ட் வேண்டும். சாதாரண வீட்டு மீட்டரில் அது 20, 40 மில்லி ஆம்பியர் அளவு, அதாவது ஐந்து பத்து வாட். அதற்குக் கீழே போனால் மீட்டர் கண்டுகொள்ளாது. ஆகவே நான் பார்த்தது பூஜ்யம் அல்ல, மீட்டரின் தூக்கம்.

"அப்போ ஐந்து வாட் இலவசமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தனியாக ஓடினால் அப்படித்தான். ஆனால் எந்த வீட்டில் சார்ஜர் மட்டும் தனியாக ஓடுகிறது? ஃபிரிட்ஜும் ஃபேனும் மீட்டரை எழுப்பி வைத்திருக்க, சார்ஜரின் ஐந்து வாட்டும் அதன் முதுகில் ஏறிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

16 நவம்பர், சனி
ஒழுங்கான சோதனை. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடி மூன்று கடை ஏறினேன், கடைசியில் பூஜைச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. மீட்டர் தூங்காமல் இருக்க அதை எரியவிட்டு, 20 மின்னலுக்கு நேரம் பார்ப்பது, பிறகு சார்ஜரையும் சேர்த்து 20 மின்னல்.

முதல் முயற்சி சாயங்காலம், குப்பை. சார்ஜரைச் சேர்த்தால் செலவு குறைகிறது! வோல்ட்டேஜ்தான் காரணம், எங்கள் தெருவில் ஆறு மணிக்கு மேல் இறங்க ஆரம்பித்துவிடும். வோல்ட்டேஜ் பத்து விழுந்தால் குண்டு பல்பின் வாட்டே மூன்று நான்கு குறைந்துவிடும், நான் தேடுவதும் அதே அளவுதான். ஆகவே இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து, பல்பு, பல்பும் சார்ஜரும், மறுபடி பல்பு, மறுபடி இரண்டும் என்று மாற்றி மாற்றி நான்கு முறை. பல்பு மட்டும்: 381 விநாடி, 59 வாட். சார்ஜரோடு: 348 விநாடி, 64.6 வாட்.

ஆக 5.6 வாட். இரண்டு மாத பில்லுக்கு 8 யூனிட், வருடத்துக்கு 49. யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் வருடம் ஐந்நூறு ரூபாய்க்குள்.

16 நவம்பர், பின்னிரவு
இதை எழுதிவிட்டு மேலே படித்துப் பார்க்கிறேன். 10ஆம் தேதி இன்வெர்ட்டரும் சார்ஜரும் சேர்ந்து 32 விநாடி, இன்வெர்ட்டர் மட்டும் 38 விநாடி. 35.2இல் 29.6 போனால் 5.6. விடை அன்றைக்கே இருந்திருக்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்து, குண்டு பல்பும் வாங்கி, தூக்கமும் கெட்டது.

17 நவம்பர்
5.6 வாட் எங்கே போகிறது என்று கேட்டவர்களுக்கு. முதலில் ஒன்று: சுவரில் இருப்பது உண்மையில் சார்ஜரே இல்லை. ஏசியை டிசியாக்கிப் பாட்டரிக்குள் தள்ளும் சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி வாட்ச்மேன் மாதிரி. கார் வந்து "நான்தான்" என்றால் கேட்டைத் திறக்கும், "இத்தனை ஆம்பியருக்கு மேல் இழுக்காதே" என்று சொல்லும், கசிவு இருந்தால் கேட்டைச் சாத்தும்.

அந்தப் பேச்சு நடப்பது பிளக்கில் உள்ள ஒரு சின்னக் கம்பியில். கார் இல்லாதபோது அதில் 12 வோல்ட் நிற்கும். சொருகினால் 9 ஆக இறங்கும், கார் சார்ஜ் கேட்டால் 6. எவ்வளவு இழுக்கலாம் என்பதை விநாடிக்கு ஆயிரம் தடவை துடிக்கும் ஒரு சமிக்ஞையின் அகலத்தால் சொல்லும். 6 வோல்ட்டைப் பார்த்த பிறகுதான் உள்ளே கான்டாக்டர் (கரண்ட்டை இணைக்கும் பெரிய சுவிட்ச்) "டக்" என்று விழும். அந்தச் சத்தம் கேட்காதவரை பிளக் முனையில் 240 வோல்ட் கிடையாது. (அதற்காகக் குச்சி விட்டுப் பார்க்க வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்.)

வாட்ச்மேன் முழித்திருக்கக் கொஞ்சம் சாப்பாடு வேண்டும், அதற்கு ஓரிரு வாட் போதும். மீதியில் ஒரு பங்கு அவன் கையில் கொடுத்த செல்போனுக்கு, அதாவது வைஃபைக்கு. ஆப்பில் வைஃபையை அணைத்துவிட்டு அளந்தேன், ஒரு வாட்டுக்குச் சற்று மேல் குறைந்தது. விளக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் ஒன்றும் தெரியவில்லை. எதிர் வீட்டில் ஆப், வைஃபை எதுவும் இல்லாத சாதாரணப் பெட்டி, பல்பு முறையில் 2 வாட் சொச்சம் வந்தது. சிம் கார்டு, கலர் திரை எல்லாம் வைத்தது இன்னும் கூட எடுக்கும்.

இந்த விவகாரம் புதிது அல்ல. சும்மா இருக்கும் கருவி எதுவும் ஒரு வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999லேயே சொல்லிவிட்டது. டிவிக்கும் போன் சார்ஜருக்கும் அதனால்தான் விடிவு வந்தது. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் முத்திரை கார் சார்ஜருக்கு 2016 முதல் உண்டு, அதில் முக்கியமாகப் பார்ப்பதே சும்மா இருக்கும்போது எவ்வளவு என்பதைத்தான். நியாயம்தானே, தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் மீதி 22 மணி நேரம் சும்மாதானே தொங்குகிறது. நம்மூர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். "ஃபாஸ்ட் சார்ஜிங் சார்" என்றார்கள்.

24 நவம்பர்
கார் சொருகியிருக்கும்போது என்ன என்பதையும் பார்த்தாயிற்று. சார்ஜ் முடிந்து கார் தூங்கிய பிறகு பெட்டியும் காரும் சேர்ந்து 9 வாட் போல. அது பரவாயில்லை. ஆனால் நடுவில் திடீரென்று மின்னல் ஆறு விநாடிக்கு ஒன்றாக மாறியது, அதாவது 190 வாட் பக்கம், இருபது நிமிடம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது: உள்ளே பையன் போனில் கார் ஆப்பைத் திறந்து "அப்பா 100 பர்சன்ட் வந்துடுச்சு" என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆப் தட்டினால் கார் விழிக்கிறது, விழித்ததும் தன் 12 வோல்ட் பாட்டரிக்கும் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறது. தினம் மூன்று தடவை இப்படி எழுப்பினால் அதுவே இரண்டு மாதத்துக்கு 11 யூனிட், பெட்டி சும்மா தின்பதைவிட அதிகம்.

பையனிடம் சொன்னேன். "நீங்க மீட்டரைப் பாக்கறதை நிறுத்துங்க, நான் ஆப்பைப் பாக்கறதை நிறுத்தறேன்" என்கிறான்.

8 டிசம்பர் 2024
ஐந்து வாட்டுக்கு இத்தனை பக்கமா என்று கேட்டவரே, நீங்கள் சொல்வது சரி. பெரிய ஓட்டை வேறு இடத்தில். பாட்டரி அளவையும் காரின் சதவீதத்தையும் வைத்து ஒரு மாதம் குறித்தேன். தோராயம்தான், கார் காட்டும் சதவீதத்தை நம்பிப் போட்டது. சுவரில் 100 யூனிட் போனால் பாட்டரியில் 87 சேர்கிறது. "மெதுவாக ஏற்றினால் பாட்டரிக்கு நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 6 ஆம்பியரில் வைத்த வாரத்தில் 79தான். சார்ஜ் ஆகும் நேரம் முழுக்கக் காரின் கம்ப்யூட்டர், பம்பு எல்லாம் விழித்திருக்கும். ஐந்து மணி நேரத்தில் முடிவதைப் பன்னிரண்டு மணி நேரம் இழுத்தால் அவை அத்தனை நேரமும் தின்னும். இரண்டு மாதத்துக்குக் காருக்கு 280 யூனிட் போடுகிறேன், அதில் 36 யூனிட் வழியிலேயே ஆவி. சார்ஜர் சும்மா எடுக்கும் எட்டு யூனிட் கால் தூசி. இன்வெர்ட்டர் 43!

19 ஜனவரி 2025
மேலே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பில் வந்தது: 504 யூனிட்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்தாலே புரியும். வெளியூர்க்காரர்களுக்காக 2025 ஜனவரி நிலவரத்தைச் சொல்கிறேன்: இங்கே வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போக யூனிட் விலை ஏறும். 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை பாதி விலையில் கிடைத்ததும் முழு விலைக்குப் போய்விடும். நான்கு யூனிட் தாண்டியதற்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய் கூடுதல். சார்ஜரின் 8 யூனிட் இல்லாவிட்டால் 496.

"எட்டு யூனிட் கால் தூசி" என்று எழுதியது நான்தான். கால் தூசியில் வழுக்கி விழுந்தேன்.

இன்வெர்ட்டரை அணைத்திருந்தால் 461 வந்திருக்குமே என்று உடனே யாராவது எழுதுவீர்கள். தெரியும். அம்மா இரவில் கரண்ட் போனால் பயப்படுவார், அதனால் அது ஓடட்டும் என்று விட்டிருந்தேன். புதிது வாங்கப் பணம் சேர்ந்ததும் பரணிலிருந்து இறக்குவேன்.

2 பிப்ரவரி
வீராவேசமாக ஒரு சுவிட்ச் வைத்தேன். கீசருக்கு வைப்பது போல 32 ஆம்பியர் டிபி சுவிட்ச் (டபுள் போல், ஃபேஸையும் நியூட்ரலையும் ஒன்றாக வெட்டுவது), சிவப்பு விளக்கோடு. எம்சிபியையே தட்டித் தட்டி அணைக்கலாமே என்றவர்களுக்கு: எம்சிபி ஆபத்துக்குக் குதிக்க வைத்திருப்பது, தினம் இரண்டு வேளை ஏற்றி இறக்க அல்ல. தேய்ந்துவிட்டால் தேவைப்படும் நாளில் குதிக்காமல் போகலாம். சுவிட்ச் முந்நூறு ரூபாய், கூலி இருநூறு. ஐந்நூறு ரூபாய் செலவழித்து வருடம் ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று பெருமையாக இருந்தது. சார்ஜ் முடிந்த பிறகு அணைக்க வேண்டும், ஓடும்போது தட்டக் கூடாது.

9 பிப்ரவரி
பெருமை ஒரு வாரம்தான். பெட்டியை அணைத்துப் போட்டால் அது நேரத்தை மறந்துவிடுகிறது. இரவு பதினொன்றுக்கு மேல் ஏற்று என்று வைத்திருந்தேன். வைஃபை வந்து நேரம் சரியாகும்வரை பொறுக்காமல், சாயங்காலம் ஏழு மணிக்குக் காரைச் சொருகியதும் "டக்". அதே நேரம் கீசர், ஏசி. மெயின் விழுந்தது. அம்மா மாடியிலிருந்து "இன்னும் பூஜை முடியலையா" என்றார்.

இப்போது காரிலேயே நேரம் வைத்துவிட்டேன், பெட்டியில் எந்தப் புத்திசாலித்தனமும் வேண்டாம். அப்படிப் பார்த்தால் வைஃபைக்காக நான் கொடுத்த கூடுதல் காசு? விடுங்கள்.

23 மார்ச்
கேள்வி கேட்ட நண்பர் நேற்றுதான் மறுபடி வந்தார். கார் இல்லாத வாரத்தில் அவர் வீட்டில் ஓடியது: சிசிடிவி பெட்டியும் நான்கு கேமராவும், ரிமோட்டில் அணைத்த டிடிஎச் பெட்டி, ஏசிக்கு மாட்டிய ஸ்டெபிலைசர் இரண்டு. ஏசி ஓடாவிட்டாலும் ஸ்டெபிலைசர் ஓடும். எல்லாம் சேர்ந்து 60 வாட்டுக்கு மேல், அதாவது மாதம் 43 யூனிட். புதிதாக வந்தது சார்ஜர் என்பதால் பழி அதன் மேல். மாமியார் வீட்டில் புது மருமகள் வந்த மாதம் பால் திரிந்தால் யார் மேல் பழி விழும்?

என் வீட்டு டிடிஎச் பெட்டியையும் அளந்தேன். டிவியை அணைத்தும் 9 வாட். சார்ஜரைவிட அதிகம், பல வருடமாக யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

8 ஜூன்
பத்து நாள் ஊருக்குப் போனபோது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சார்ஜர் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் குடியிருக்கும் பல்லியைக் காணோம். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்த சுவர் இப்போது சில்லென்று. போட்ட மறுநாள் பல்லி திரும்பிவிட்டது. 5.6 வாட்டில் ஒரு பகுதி அதற்குப் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் மாற்றியாயிற்று. புதியது பாட்டரி நிறைந்த பிறகு 8 வாட். டிபி சுவிட்சை ஊருக்குப் போகும்போது மட்டும் தொடுகிறேன்.

17 ஆகஸ்ட் 2025
ஒரு திருத்தம், இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. திருச்சிக்காரர் ஒருவர் பல்பு முறையில் அளந்து "என் சார்ஜர் 1.5 வாட்தான், உங்களுடையது பெருந்தீனி" என்று எழுதியிருந்தார். மீட்டர் போட்டோ அனுப்பச் சொன்னேன். த்ரீ ஃபேஸ் மீட்டர், சிவப்புப் பொட்டுக்குப் பக்கத்தில் 800 என்று இருக்கிறது. 1125 என்பது 3200 போட்ட மீட்டருக்கு மட்டும். 800 என்றால் 4500ஐ வகுக்க வேண்டும், 1600 என்றால் 2250. அண்ணே, உங்களுடையது 6 வாட்.